அரை மார்க்

செருப்பைக் கழட்டாதீங்க தம்பி, போட்டுக்கிட்டே உள்ள வாங்க. இந்த வீட்ல இப்ப அப்படித்தான். எல்லாருக்கும் ரப்பர் செருப்பு, அடுப்படி வரைக்கும். என் வீட்டுக்காரி தெய்வானை போட்ட சட்டம். நாலு மாசமா வெறுங்காலோட நின்னு ஃபிரிட்ஜைத் தொட்டா அவளுக்குச் சுர்ருங்குதாம். பித்தம்னு சொன்னேன். இஞ்சிச் சாறு குடின்னேன். குடிக்கல, மூணு ஜோடி செருப்பு வாங்கிட்டு வந்துட்டா. குதிகால் வலிக்கு நல்லதுன்னு நானும் ஒண்ணைப் போட்டுக்கிட்டேன்.

உக்காருங்க. அதுல வேண்டாம், அது கால் ஆடும். இதுல உக்காருங்க. மதுரையில இருந்து வண்டியிலயேவா வந்தீங்க? காரியாபட்டிகிட்ட ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பானே. சரி. கேட்டுக்கு வெளிய நீங்க நிக்கும்போதே கம்பெனி அனுப்புன ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு. முதுகுல பை, கையில ஃபாரம், மூஞ்சியில ஒரு சந்தேகம்.

நான் பரமகுரு. இந்த அருப்புக்கோட்டையில முப்பத்தோரு வருஷம் இயற்பியல் வாத்தியார். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆச்சு. இந்த ஊர்ல எந்த ஒயர்மேனை வேணாலும் பிடிச்சுக் கேளுங்க, என்கிட்ட காதுல திருகு வாங்குனவனாத்தான் இருப்பான். எதுக்குச் சொல்றேன்னா, கரண்டு விஷயத்துல என்கிட்ட நீங்க சுருக்கமாப் பேசலாம். விளக்க வேண்டியதில்ல.

முதல்ல விஷயத்தைச் சொல்லிடுறேன். என் மக அறிவுச்செல்விக்கு கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில வேலை. ஆஸ்பத்திரி பில்லைப் பாத்து வியாதிக்கு நம்பர் போடுற வேலை, வீட்ல இருந்தே செய்யலாம். ஆறு மாசம் பாத்துட்டுத்தான் நிரந்தரம் பண்ணுவாங்க. வர்ற முப்பதாம் தேதியோட ஆறு மாசம் முடியுது. அதுக்குள்ள கம்பெனி குடுத்த லேப்டாப் மூணு செத்துப்போச்சு. ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு. உங்க ஃபாரத்துல 'உபயோகிப்பவரின் கவனக்குறைவு'ன்னு ஒரு கட்டம் இருக்குமே, இருக்கா? அதுல நீங்க டிக் அடிச்சா அவ வேலை போச்சு. அடிக்காம விட்டா வேலை இருக்கு. அவ்வளவுதான் சங்கதி. அதனால நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் பேனாவை எடுங்க.

கொஞ்சம் மெதுவாப் பேசுறேன். அவ உள் ரூம்லதான் இருக்கா. என்கூடப் பேசி இன்னையோட பதினோரு நாள். ஏதாச்சும் வேணும்னா அவ அம்மாகிட்ட சொல்லுவா, அம்மா என்கிட்ட சொல்லுவா. ஒரே வீட்டுக்குள்ள தபால் நடக்குது.

ஏன் பேசலைன்னா, நான் அவ மேனேஜருக்கு ஒரு லெட்டர் போட்டேன். நாலு பக்கம், பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோட. மூணாவது லேப்டாப் போனதும் அவ அழுதுக்கிட்டு உக்காந்திருந்தா. பெத்தவன் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? ஒளிவுமறைவு இல்லாம எழுதினேன். 'ஐயா, என் மகள் நல்லவள், உழைப்பாளி. ஆனால் செல்போனைக் கையிலிருந்து இறக்க மாட்டாள். அந்தச் செல்போனை மடிக்கணினியோடு சேர்த்து மாட்டுவதால்தான் மூன்றும் பழுதாகின என்பதை அட்டவணை போட்டு நிரூபித்திருக்கிறேன். சிறுபிள்ளை, மன்னிக்கவும்.' அட்டவணையையும் ஜெராக்ஸ் எடுத்து வெச்சேன். லெட்டர் போய்ச் சேர்ந்த மறுநாளே விசாரணைக்கு ஆள் அனுப்புறோம்னு கம்பெனியில இருந்து போன். பாருங்க, ஒரு வாத்தியார் எழுத்துக்கு இருக்கிற மரியாதையை. அதுக்குத்தான் இவ பேச மாட்டேங்கிறா.

நான் சொந்தப் பொண்ணுன்னு பாக்குற ஆள் கிடையாது தம்பி. இவ பத்தாவது படிக்கிறப்ப என் வகுப்புதான். அரைப்பரீட்சையில வீட்டு மின்சுற்றுப் படம் வரைஞ்சு பாகம் குறிக்கணும், அஞ்சு மார்க். மீட்டர் போட்டிருக்கா, ஃபியூஸ் போட்டிருக்கா, சுவிட்ச்சு, விளக்கு, மூணு பின் பிளக்கு, எல்லாம் அச்சடிச்ச மாதிரி. எர்த் கோடு மட்டும் போடல. அரை மார்க்கைக் குறைச்சேன். அந்த அரை மார்க்குல ஸ்கூல் முதலிடம் கைவிட்டுப் போச்சு. ரெண்டு நாள் சாப்பிடல. தெய்வானை என்னைத் திட்டாத திட்டு இல்ல. நான் அசையலையே. 'மத்த கோடெல்லாம் விளக்கு எரியறதுக்கு, எர்த் கோடு ஒண்ணுதான் உசுரைக் காப்பாத்துறதுக்கு, அதை மறந்தவளுக்கு நாலரையே ஜாஸ்தி'ன்னு சொல்லிட்டேன்.

சரி, லேப்டாப்புக்கு வர்றேன். உங்க பெட்டியைத் திறங்க, நீங்க பாட்டுக்குப் பாருங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன். அந்தா ஜன்னலோரம் மேஜையில இருக்குல்ல, அதுதான் மூணாவது. சார்ஜர்ல மாட்டுனபடியே இருக்கு. நீங்க வர்ற வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்.

முதல் ஒரு மாசம் ஒரு குறையும் இல்ல. காலையில ஒம்பதுக்கு உக்காந்தான்னா சாயங்காலம் ஆறு வரைக்கும் வேலை. இந்த வீட்ல நெட்டு சரியா வராது, சுவரு கனம். அந்த ஜன்னல்ல மட்டும்தான் சிக்னல் எடுக்கும். அதனால போனை ஜன்னல்ல தொங்கவிட்டு, ஒயரைப் போட்டு லேப்டாப்புல மாட்டி, போன் வழியா நெட்டு எடுத்துக்குவா. போனை வெக்க பிளாஸ்டிக்குல ஏதோ வாங்கிட்டு வந்தா, ரெண்டே நாள்ல உடைஞ்சுபோச்சு. நான் விடுவேனா. கட்டு கம்பியை முறுக்கி, ஜன்னல் கம்பியில சுத்தி, ஒரு கொக்கி பண்ணிக் குடுத்தேன். பாருங்க, இன்னும் அசையாம நிக்குது. போனுக்கு ரப்பர் உறை வேற போட்டிருந்தா. போன் சூடாகும்மா, உறையைக் கழட்டு, பின்னால தகடுதானே, வெப்பம் வெளிய போகட்டும்னேன். கழட்டிட்டா. அப்பல்லாம் நான் சொன்னா கேப்பா.

அப்புறம் ஒரு நாள் காலையில பத்தரை மணி. 'டப்'புன்னு ஒரு சத்தம். திரை இருட்டு. கருகுன வாசனை. நான் ஓடிப்போயிப் பாத்தா, இவ கையை உதறிக்கிட்டு நிக்கிறா. 'அப்பா, போன் ஒயரை மாட்டுனேன், அவ்வளவுதான்'ங்கிறா. மதுரைக்கு அனுப்புனோம். உங்க ஆளுங்கதான் பாத்தாங்க. போர்டு போச்சுன்னு போர்டு மாத்தி, இதே போனை ஒயரோட வாங்கி வெச்சு மூணு நாள் மாட்டிப் பாத்திருக்காங்க. கல்லு மாதிரி ஓடுச்சாம். இங்க வந்து அஞ்சாவது நாள் மறுபடி 'டப்'பு. அதுக்கப்புறம் அது எந்திரிக்கவே இல்ல.

ரெண்டாவது லேப்டாப் வேற மாடல். அது போனது ஒரு ஞாயித்துக்கிழமை. இதை மட்டும் ஃபாரத்துல எழுதாதீங்க. கம்பெனி லேப்டாப்பைச் சொந்த வேலைக்குத் தொடக்கூடாதாமே. அன்னைக்கு சாத்தூர்ல இருந்து ஒரு வரன். பையன் மஸ்கட்டுல இருக்கான். வீடியோவுல பேசிப் பாக்கட்டும்னு ஏற்பாடு. செல்வியை நான்தான் கட்டாயப்படுத்தி உக்கார வெச்சேன், பெரிய திரையில பாத்தாத்தான் முகம் தெரியும்னு. தரகருக்கு வடை போடணும்னு தெய்வானை உளுந்து அரைச்சுக்கிட்டு இருக்கா. பையன் 'உங்களுக்கு என்ன பிடிக்கும்'னு கேட்டான். இவ வாயைத் திறந்தா. 'டப்'பு. அங்க அவங்க என்ன நினைச்சாங்கன்னா, கேள்வி பிடிக்காம பொண்ணு முகத்துல அடிச்ச மாதிரி கட் பண்ணிட்டான்னு நினைச்சிட்டாங்க. வரன் போச்சு, லேப்டாப் போச்சு, வடை மட்டும் மிச்சம்.

அப்பத்தான் செல்வி சொன்னா, 'இந்த வீட்லதான்ப்பா என்னமோ இருக்கு. வேற எங்கயும் ஒண்ணும் ஆகல.' எனக்குச் சுருக்குன்னு கோவம். 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போனை மாட்டுனா போகுது, மாட்டலைன்னா போகல, இதுல வீடு எங்கம்மா வந்துச்சு'ன்னு கேட்டேன். கம்பெனி மூணாவதை அனுப்புனதும் நான் முறையா இறங்கிட்டேன். நோட்டுப் போட்டேன். இந்தாங்க நோட்டு. தேதி, மணி, போன் மாட்டியதா, மாட்டவில்லையா, விளைவு, குறிப்பு. இருபத்தாறு நாள், கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்து எழுதுனது. போன் மாட்டாத நாள்ல ஒரு தரம்கூட ஒண்ணும் ஆகல. திரை நடுங்குனது எட்டு நாள், எட்டும் போன் மாட்டுன நாள். கடைசி நாள் அவளுக்கு ஆன்லைன்ல பரீட்சை, அதுல பாஸானாத்தான் நிரந்தரம். பதினேழாவது கேள்வியில 'டப்'பு. உங்க ஃபாரம் போனாத்தான் மறுபடி எழுத விடுவாங்களாம். ஆக, குற்றவாளி போன். இதைவிட நிரூபணம் என்ன வேணும்?

குறிப்பு கலத்துல என்னன்னா கேக்குறீங்க? அது சும்மா. 'மாவு அரைப்பு, சத்தம் தாங்கல'ன்னு எழுதியிருக்கேன். தெய்வானை கிரைண்டரைப் போட்டா நாலு வீட்டுக்குக் கேக்கும், எனக்கு எழுத ஓடாது. அந்த எரிச்சல்ல குறிச்சு வெச்சது. விஞ்ஞானத்துக்கு அதுல ஒண்ணும் இல்ல. எல்லாத்துலயும் இருக்கா? எட்டு நாளும்? எங்க, காட்டுங்க.

ஆமா. எட்டு நாளும் இருக்கு. முதல் லேப்டாப் போனது மாவு அரைக்கிற செவ்வாக்கிழமைதான். வரன் வந்த அன்னைக்கு உளுந்து, இப்பத்தான் சொன்னேன்ல. பரீட்சை அன்னைக்கு, ம், அன்னைக்கு அடைக்கு அரைச்சா.

போன் மாட்டி, மாவு அரைக்காத நாள்? எட்டு இருக்கு. ஒண்ணும் ஆகல. தம்பி, நீங்க டிப்ளமாவா, இன்ஜினியரா? நல்லா வருவீங்க.

கிரைண்டரைப் போடச் சொல்லணுமா? சொல்றேன். தெய்வானை, கிரைண்டரைக் கொஞ்சம் போடு. இப்பத்தான் அரிசியைப் போட்டு நிறுத்தி வெச்சிருக்கா, தேங்காய் துருவ. கொஞ்சம் பொறுங்க, அவ மணைப் பலகையைத் தேடுவா. பலகை மேல ஏறி நின்னு, அகப்பைக் காம்பாலதான் சுவிட்சைத் தட்டுவா. அது ஒரு பழக்கம் அவளுக்கு. பயந்த சுபாவம், கல்யாணம் ஆனதுல இருந்தே அப்படித்தான்.

இந்தா ஓடுது. டெஸ்டரை எங்க வெக்கிறீங்க? லேப்டாப்போட திருகாணியிலயா. எரியுதே. நல்லா எரியுது. ஃபிரிட்ஜ் கைப்பிடியில வெச்சுப் பாருங்க. அதுலயும் எரியுதா. தெய்வானை, போதும், நிறுத்து. இப்ப? மங்கிப்போச்சு.

இதுல குழப்பமே இல்ல தம்பி, நானே சொல்றேன். கிரைண்டர்ல உள்ள எங்கயோ கசியுது. கசிஞ்சா என்ன ஆகணும்? எர்த் ஒயர் வழியா பூமிக்குப் போகணும். போக வழி இல்லேன்னா அந்த ஒயரு தொடுற இடத்துல எல்லாம் போய் நிக்கும், வீட்ல இருக்கிற அத்தனை மூணு பின் பிளக்குலயும். ஃபிரிட்ஜ்ல நிக்கும். லேப்டாப் சார்ஜர்ல நிக்கும். சார்ஜர்ல இருந்து லேப்டாப்பு. லேப்டாப்புல இருந்து ஒயர் வழியா போனு. போன் முதுகுல தகடு, தகடு படுறது கொக்கியில, கொக்கி சுத்தியிருக்கிறது ஜன்னல் கம்பியில, ஜன்னல் இருக்கிறது தண்ணித் தொட்டிச் சுவத்துல, அந்தச் சுவரு வருஷம் பூரா ஈரம். வழி தேடிக்கிட்டு இருந்ததுக்கு வழி கிடைச்சிருச்சு. அத்தனையும் லேப்டாப்பு வயித்துக்குள்ள புகுந்து போயிருக்கு. வகுப்புல இதையே கேட்டிருந்தா எவனாவது ஒரு பய கையைத் தூக்கியிருப்பான்.

எர்த் குழியா?

காபி சாப்பிடுவீங்கள்ல? சக்கரை போட்டுத்தானே?

இல்ல, மழுப்பல. இருந்துச்சு. நல்ல எர்த்து. இந்த வீட்டைக் கட்டுறப்ப நானே கூட இருந்து, ஏழடி கம்பி இறக்கி, கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு மூடுனது. வாசல்லயே வடகிழக்கு மூலையில. கோடையில நானே குடம் குடமாத் தண்ணி ஊத்துவேன். பயலுகளைக் கூட்டிட்டு வந்து, பாடத்தைப் புஸ்தகத்துல படிக்காதீங்கடா, இங்க வந்து பாருங்கடான்னு காட்டியிருக்கேன். இப்ப அந்த இடத்துல என்ன இருக்குன்னா, ஒரு கறிவேப்பிலைக் கன்னு இருக்கு.

கிட்ட வாங்க தம்பி. இது நமக்குள்ள இருக்கட்டும். நான் இந்த ஊர்ல அறிவியல் மன்றம்னு ஒண்ணு நடத்துறேன். பதினெட்டு வருஷமா தலைவர் நான்தான். எலுமிச்சம்பழத்துல ரத்தம் வரவெக்கிறது, தேங்காயில தானா நெருப்பு வர்றது, எல்லாம் என்ன வித்தைன்னு மேடையில செஞ்சு காட்டுவேன். சோசியம், வாஸ்து, கண்ணூறு, ஒண்ணையும் விட்டு வெச்சதில்ல. பக்கத்து வீட்டுல சண்முகக்கனின்னு ஒரு தமிழ் ஐயா, அவரும் ஓய்வுதான். எனக்கும் அவருக்கும் இருபது வருஷமா இதே வழக்கு. அவரு நல்ல நேரம் பாத்து மூக்குப்பொடி போடுற ஆளு.

செல்விக்கு நாலு வரன் வந்து நாலும் தட்டிப்போச்சு. ஒருத்தனுக்கு உயரம், ஒருத்தனுக்கு நிறம், மத்த ரெண்டு பேரு காரணமே சொல்லல. அவளுக்கு அதைப்பத்திக் கவலை இல்ல. 'வேலை நிரந்தரம் ஆகட்டும்ப்பா, அப்புறம் பாப்போம்'னா. எனக்குத்தான் தொண்டையில சோறு இறங்கல. அந்த நேரம் பாத்து தெய்வானைக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தரு வந்தாரு. திருமேனின்னு பேரு. வாஸ்து பாக்குறவரு. சத்தியமா நான் கூப்பிடல, வந்தாரு. வாசல்ல நின்னபடியே, 'மச்சான், ஈசானிய மூலையில இரும்பு பூமியைக் குத்திக்கிட்டு நிக்குதே, கன்னிப்பொண்ணு இருக்கிற வீட்ல இது ஆகுமா'ன்னாரு. நான் என்ன பண்ணேன், அவரு மூஞ்சிக்கு நேராவே சிரிச்சேன். பூமிக்கு ஏதுய்யா மூலை, அது உருண்டைன்னு சொல்லி அரை மணி நேரம் பாடம் எடுத்து அனுப்புனேன்.

அனுப்பிட்டேன். ஆனா மறுநாள்ல இருந்து வாசலுக்குப் போனா கண்ணு நேரா அங்கதான் போகுது. நம்பிக்கை கிடையாது தம்பி எனக்கு, இன்னைக்கும் கிடையாது. ஆனா ஒரு கணக்கு போட்டேன். அவரு சொல்றது பொய்யின்னா, கம்பியை எடுக்கிறதால கெட்டுப்போறது ஒண்ணும் இல்ல. ஒருவேளை மெய்யின்னா பொண்ணுக்கு ஒரு வழி பிறக்கும். எப்படிப் பாத்தாலும் நட்டம் இல்லையே. இப்ப யோசிச்சா அந்தக் கணக்குல ஒரு கோடு விட்டுப்போயிருக்கு.

சண்முகக்கனி மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் தூங்குவாரு. வெளியூர் ஆள் ஒருத்தனைப் பிடிச்சு அந்த ரெண்டு மணி நேரத்துல கம்பியைப் புடுங்குனேன். உள்ளூர் ஆளைக் கூப்பிட முடியாதே, பூரா என்கிட்ட படிச்ச பயலுக. வந்தவன் நல்லவன். 'சார், எர்த் இல்லாம வீடு இருக்கக்கூடாது, அந்தப் பக்கம் வேற ஒண்ணு அடிச்சுத் தந்துட்டுப் போறேன்'னு ரெண்டு தரம் சொன்னான். கம்பி அடிக்கிற சத்தத்துல சண்முகக்கனி எந்திரிச்சு வந்துட்டா? ஏன் இடம் மாத்துறீங்கன்னு கேட்டா? என்ன சொல்லுவேன்? அப்புறம் பாத்துக்கலாம்ப்பான்னு அனுப்பி வெச்சுட்டேன். கன்னை நட்டேன். தெய்வானை கேட்டதுக்கு, கறிவேப்பிலைக்கு வெயில் படுற இடம் அதுதான்னேன். கம்பி பரண்ல இருக்கு, கோணியில சுத்தி. எப்பன்னா கேக்குறீங்க? அஞ்சு மாசம் முடிஞ்சுபோச்சு.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியுது. மூணு லேப்டாப்பையும் சாகடிச்சது போன் இல்ல, செல்வி இல்ல. அவளைத்தான் நாலு பக்கம் எழுதிக் குத்தவாளி ஆக்கிட்டேன், பதிவுத் தபால்ல, ஒப்புகை அட்டையோட. வெக்கமா இருக்கு தம்பி. வாய்விட்டுச் சொன்னா இன்னும் வெக்கமா இருக்கு.

ஆனா ஒண்ணு. கவனக்குறைவுங்கிற கட்டத்துல நீங்க டிக் அடிக்க மாட்டீங்கள்ல? மாட்டீங்க. நல்லது. இப்ப என்ன செய்யணும்? வீட்டு மின் இணைப்புக் கோளாறுன்னு எழுதணும், ஒரு படம் போடணும், வீட்டுக்காரர் கையெழுத்து போடணும். படமா? குடுங்க இப்படி, பென்சிலும் குடுங்க. கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன். கரும்பலகையில எத்தனை ஆயிரம் தரம் போட்டிருப்பேன். இது கம்பத்துல இருந்து வர்ற லைன். இது மீட்டரு. இது மெயின், ஃபியூஸ். இது ஹாலு, இது அடுப்படி, கிரைண்டரு, ஃபிரிட்ஜு. இது ஜன்னலோரம் லேப்டாப்பு. இது போனு, கொக்கி, ஜன்னல் கம்பி. அளவுகோல் இல்லாமலே கோடு எப்படி நேரா வருது பாருங்க. முடிஞ்சது.

இது போதாதா? இந்த ரெண்டு கோடு இருந்தாப் போதும்னு நினைச்சேன். மூணாவதை எங்கன்னு போடுறது, அது இல்லையே. இல்லாததை இல்லைன்னு காட்டணுமா. விட்டுப்போன இடத்துல புள்ளிக்கோடு போட்டு, 'நீக்கப்பட்டது'ன்னு பக்கத்துல எழுதணுமா. கோயமுத்தூர்ல அந்த மேனேஜர் பாப்பாரு. இவகூட வேலை பாக்குறவங்க பாப்பாங்க. ஃபிசிக்ஸ் வாத்தியார் வீடாம்னு சொல்லிச் சிரிப்பாங்க. ஒரு உதவி பண்ணுங்க தம்பி, கம்பி துருப்பிடிச்சுத் தானா அத்துப்போச்சுன்னு போட்டுக்கலாமா? நீங்களும் நானும் சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போகுது.

வாம்மா. நீ எப்ப வந்து நின்ன?

'திருமேனி மாமா வந்த இடத்துல இருந்து'ங்கிறா. பதினோரு நாள் கழிச்சு என்கிட்ட சொன்ன முதல் பேச்சு இது. இங்க பாரும்மா, வேலைக்கு ஒண்ணும் ஆகாது, இந்தத் தம்பி எழுதித் தர்றேன்னுட்டாரு. திட்டணும்னா திட்டு. உன் அம்மா மாதிரி மனசுல வெச்சுக்கிட்டு இருக்காத. என்ன? அந்தப் படமா? அதை எதுக்குக் கேக்குற. குடுங்க தம்பி, அவகிட்ட குடுங்க. பென்சிலும் வேணுமாம்.

என்னம்மா எழுதுற?

பாத்தீங்களா தம்பி. எர்த் கோடு வர வேண்டிய இடத்துல ஒரு வட்டம், பக்கத்துல கழித்தல் அரை. மேல மூலையில அஞ்சுக்கு நாலரை. வட்டத்தை எப்படிச் சுழிச்சிருக்கா பாருங்க, அப்படியே என் கை. பத்து வருஷம் ஆகியும் மறக்கல.

சரிம்மா. சரியாத்தான் போட்டிருக்க. பேப்பரைக் குடு.

இந்தாங்க தம்பி, புள்ளிக்கோடு போட்டாச்சு. காரணம்ங்கிற இடத்துல நானே எழுதுறேன். 'வீட்டு எர்த் கம்பியை வீட்டுக்காரர் பரமகுரு பிடுங்கிவிட்டார். மகள் மீது எந்தத் தவறும் இல்லை. முன்பு எழுதிய நான்கு பக்கக் கடிதம் தவறு.' போதுமாம்மா? 'எதுக்குப் புடுங்குனீங்கன்னு எழுதலையே'ங்கிறா. அந்தக் கேள்வி ஃபாரத்துல இல்லையேம்மா. சரி, சரி, முறைக்காத. எழுதுறேன். 'வாஸ்துக்காக.' கீழ கையெழுத்து. பக்கத்துல ரப்பர் ஸ்டாம்ப் வெக்கணும்னா அறிவியல் மன்றத் தலைவர் ஸ்டாம்ப்தான் என்கிட்ட இருக்கு. அது வேண்டாம்ல.

நாளைக்கே ஆள் வரச் சொல்றேன். உள்ளூர் ஆளே வரட்டும். காலையிலயே வரட்டும், சண்முகக்கனி முழிச்சிருக்கிறப்பவே அடிக்கட்டும். கேட்டா சொல்லிக்கிறேன். இல்ல, அவரு கேக்காம இருக்க மாட்டாரு, நானே போய்ச் சொல்லிடுறேன்.

என்ன அங்க பலகை சத்தம்? தெய்வானை, என்ன பண்ற? கிரைண்டரைத் தொடாத. மாவு பாதியில நிக்குதுன்னா நிக்கட்டும். பலகை மேல ஏறியும் தொடாத, அகப்பையாலயும் தொடாத. தள்ளி நில்லு, நான் வந்து மெயினை ஆஃப் பண்றேன். அப்படியே தள்ளி நில்லு தெய்வானை. இல்ல, பித்தம் இல்ல. உனக்குப் பித்தமெல்லாம் ஒண்ணும் இல்ல.